இரண்டு சேனல்களுக்கு நடுவில் குடியிருப்பவர்

இருகம்பா தீவில் ரேடியோவின் முதல் சேனலுக்கும் இரண்டாம் சேனலுக்கும் நடுவே ஓர் ஆள் குடியிருக்கிறார். பெயர் மசாத்து. சங்காரா மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். நல்ல உயரம், முன்பல் ஒன்று கிடையாது, வாய் கொஞ்சம் அதிகம். அவர் குடியேறியபோது அந்த இடைவெளியின் அகலம் இருபத்தைந்து கிலோஹெர்ட்ஸ். காலை நீட்டிப் படுத்தாலும் தலைமாட்டில் ஒரு பானை வைக்க இடம் மிச்சமிருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்கள் அவரைத் தீவில் சேர்ப்பதா, தீவைச் சுற்றியிருக்கும் ஏரியில் சேர்ப்பதா என்று குழம்பிவிட்டு, கடைசியில் மனைவி இருக்கும் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு போனார்கள். பாதிரியாரும் இமாமும் தனித்தனியாக யோசித்து, தினமும் பேசுகிற ஆளுக்கு இறுதிச் சடங்கு செய்ய முடியாது என்று ஒரே முடிவுக்கு வந்தார்கள். அந்த இருவரும் வேறு எதிலும் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் படகுச் சங்கம் ரேடியோ வாங்கியபோது முவான்ஸா நகரத்திலிருந்து சிம்பிலா என்ற டெக்னீஷியன் வந்து கம்பம் நட்டார். மீன்பிடி படகுகளுக்கு முதல் சேனல், மருந்தகத்துக்கும் பயணிகள் படகுக்கும் இரண்டாவது. இரண்டையும் ஏன் இவ்வளவு தள்ளி வைக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், காற்றில் போகிற குரல் கயிறு மாதிரி ஒல்லியாகப் போகாது, பாய் மாதிரி விரியும், இரண்டு பாயை ஒட்டிப் போட்டால் ஒருவர் கை இன்னொருவர் மேல் விழும் என்று விளக்கினார். பேச்சை எஃப்.எம். முறையில் அனுப்ப ஏற்பாடு செய்தார். அதில் என்ஜின் இரைச்சலும் இடியும் கேட்காது. அதற்கு இன்னொரு குணமும் உண்டு: ஒரே சேனலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான குரல் மட்டும் கேட்கும், பலவீனமானது இருந்த இடம் தெரியாமல் போய்விடும். இது சங்கத் தலைவர் மஃபூருவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பெரியவர் பேசும்போது சின்னவர் வாயை மூட வேண்டும் என்பது மெஷினுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியவில்லை என்று அவர் கூட்டத்தில் சொன்னார். சிம்பிலா கிளம்பும்போது சுருக்கமாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எல்லோரும் தலையாட்டினோம். ஒருவரும் சுருக்கவில்லை.

மீன் விலை உச்சத்தில் இருந்த ஒரு வருடம், மழைக்காலத்துக் காலை. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மசாத்துவின் படகில் அடிப்பலகை பிளந்து தண்ணீர் ஏறியது. மைக்கை எடுத்து, படகு முழுகுகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கரையில் மைக்கைப் பிடித்திருந்தவர் மஃபூரு, வயதில் எவ்வளவோ மூத்தவர். மூத்தவரிடம் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்ல எங்கள் தீவில் பிறந்த யாருக்கும் வாய் வராது. மசாத்து முதலில் “சிகாமூ” என்றார். உங்கள் காலைப் பிடித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். மஃபூரு “மரஹபா” என்று ஏற்றுக்கொண்டு, வீடு எப்படி என்று கேட்டார். நல்லது. பிள்ளை எப்படி? நல்லது. மாடு? நல்லது. ஏரி எப்படி என்று கேட்டபோது தண்ணீர் மசாத்துவின் இடுப்பில் இருந்தது. அதற்கும் நல்லது என்றார். எதைக் கேட்டாலும் முதலில் நல்லது என்று சொல்லி முடித்த பிறகுதான் கெட்டதைச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. கெட்டதைச் சொல்ல அவர் பொத்தானை அழுத்தினார். அதற்குள் மஃபூரு, எல்லாம் நல்லது என்று கேட்ட நிம்மதியில், அடுத்த படகுக்காரரின் மாடுகளை விசாரிக்கத் தொடங்கியிருந்தார். சங்கத்தின் கம்பம் உயரம், சக்தியும் அதிகம். மசாத்துவின் குரல் அதன் அடியில் அமுங்கிப் போயிற்று. அவருடைய ரேடியோ பழைய மாடல், குமிழைத் திருகித்தான் சேனல் மாற்ற வேண்டும். இரண்டாவது சேனலுக்குத் திருகினார். பாதி தூரம் திருகியிருந்தபோது, விரல் பொத்தானில் இருக்க, படகு கவிழ்ந்தது. படகு கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவர் மனைவி நியான்ஜுரா துறையில் மீன் பொரித்து விற்பவள். கையில் கரண்டியோடு சங்கத்துக்கு வந்தவள், நாலு நாள் அங்கிருந்த பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. நாலாவது நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, சும்மா இருக்க முடியாமல் சங்கத்துப் பழைய ரேடியோவின் குமிழை இப்படியும் அப்படியுமாகத் திருகிக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் முள் நின்றபோது, படகுக்குப் பலகை விற்றவனை அவன் தாத்தா வரைக்கும் போய்த் திட்டுகிற குரல் ஒன்று கேட்டது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். நியான்ஜுரா மட்டும் மைக்கை எடுத்து, பிள்ளை பெயரைச் சொல்லி, புவிரே அப்பா, இவ்வளவு நாள் எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.

அவர் நன்றாகத்தான் இருந்தார். பசி இல்லை, ஈரம் இல்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் மீன்காரர்கள் விலை பேசுவதும், இன்னொரு சுவருக்கு அந்தப் பக்கம் மருந்தகத்து நர்ஸம்மா மாத்திரை கணக்குச் சொல்வதும் நாளெல்லாம் கேட்கும் என்றார். சங்கம் புது ரேடியோக்கள் வாங்கியபோது அவை சேனலுக்குச் சேனல் தாவின, நடுவில் நிற்கவே இல்லை. அதனால் பழைய குமிழ் ரேடியோவை நியான்ஜுரா வீட்டுக்குக் கொண்டுபோனாள். சேனலுக்கு நடுவில் பேச லைசென்ஸ் கேட்டுத் தலைநகருக்கு எழுதியதற்கு, அப்படி ஓர் இடத்தில் பேச யாரும் இருக்க முடியாது என்பதால் லைசென்ஸ் தேவையில்லை என்று பதில் வந்தது. தினமும் நாலு மணிக்கு, மீன் விற்று முடிந்ததும், அவள் அவரோடு பேசுவாள். ஒரே வீட்டில் இருந்த காலத்தில் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. இப்போது ஒருவர் “ஓவர்” என்று சொல்லும்வரை இன்னொருவர் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த மனுஷன் இவ்வளவு விஷயம் தெரிந்தவர் என்பதே இப்போதுதான் தெரிகிறது என்று அவள் பக்கத்து அடுப்புக்காரியிடம் ஆச்சரியப்பட்டாள். பிள்ளை புவிரே வளர்ந்து முவான்ஸாவில் மீன் ஆலைக்கு வேலைக்குப் போனான். மசாத்துவின் குரல் நரைத்தது. வருடங்கள் இப்படிப் போயின.

அதற்குள் ஏரியில் படகுகள் பெருகிவிட்டன. முதல் சேனலில் விலை பேசிப் பேசி இடம் போதாமல் மீன்காரர்கள் இரண்டாவதற்கும் வந்துவிட்டார்கள். நாமுகா என்ற பக்கத்துத் தீவில் நியாப்வேக்கே என்ற பெண்ணுக்குப் பிரசவத்தில் குழந்தை குறுக்கே கிடந்தது. மருந்தகப் படகைக் கூப்பிட அவள் புருஷன் காலையிலிருந்து முயன்றான். கிலோவுக்கு இருநூறு ஷில்லிங் ஏற்றிக் கேட்கிற பலத்த குரல்களின் அடியில் அவன் குரல் எழவே இல்லை. படகு போய்ச் சேர்ந்தபோது தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. அந்தச் சவ ஊர்வலத்தில் மஃபூரு வெறுங்காலோடு நடந்தார். மறுவாரமே, ஆபத்துக்கு மட்டும் தனியாக மூன்றாவது சேனல் வேண்டும் என்று சங்கம் கேட்டது. தலைநகரிலிருந்து அனுமதி வந்தது. காற்றில் புதிதாக இடமில்லை, இடைவெளியைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இருபத்தைந்து இனிமேல் பன்னிரண்டரை. புதுச் சேனல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நட்ட நடுவில். அதாவது மசாத்துவின் தலைமேல்.

சங்கத்தார் எல்லோருமாகச் சேர்ந்து நியான்ஜுராவிடம் சொல்ல அவள் வீட்டுக்குப் போனார்கள். தனியாகப் போக யாருக்கும் தைரியம் இல்லை. அவள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“ஏரி பூரா எடுத்துக்கிட்டீங்க. காத்து பூரா எடுத்துக்கிட்டீங்க. ஒரு ஆளு படுக்கிற இடம், அதும் உங்களுக்குப் பொறுக்கலையா?”

நியாப்வேக்கேயின் பெயரை யாரோ மெதுவாகச் சொன்னார்கள். நியான்ஜுரா கரண்டியைக் கீழே வைத்தாள். நியாப்வேக்கே அவளிடம் மீன் வாங்கிப் போனவள்தான். வந்தவர்களை அப்படியே நிற்கவைத்துவிட்டு உள்ளே போய்ப் புருஷனிடம் கேட்டாள். அதற்கு அவர், நியாப்வேக்கேயின் புருஷன் நாள் பூராவும் கத்தியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது, நான் திருப்பிக் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை என்றார். “இடத்தக் குடுத்துரு, புவிரே அம்மா. நான் எப்படியாச்சும் ஒடுங்கிக்கிறேன். ஓவர்.”

ஒடுங்கிக்கொள்ள முடியுமா என்று பார்க்க சிம்பிலாவை மறுபடி வரவழைத்தார்கள். அவருக்கும் வயதாகியிருந்தது, மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். முதலில் டிஜிட்டலைப் போட்டுக் காட்டினார். பேச்சை எண்ணாக மாற்றி அனுப்புகிற முறை. கண்ணாடி மாதிரி சுத்தமாகக் கேட்டது. ஆனால் அந்த மெஷின் மசாத்துவைத் தேடிப் பார்த்துவிட்டு, அங்கே யாருமில்லை என்று சொல்லிவிட்டது. அதற்கு ஆள் இருந்தால் முழுசாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லவே இல்லை. நியான்ஜுராவின் முகத்தைப் பார்த்து சிம்பிலா அவசரமாக அதை அணைத்தார். அடுத்து குறுகலான எஃப்.எம். அதில் மசாத்து இருந்தார். ஆனால் வேறு யாராவது பொத்தானை அழுத்திய உடனே, மணல்மேல் எழுதியதை அலை அழிப்பதுபோல அழிந்து போனார். மூன்றாவதாக ஒற்றைப் பக்க முறை. குரலுக்கு மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு உண்டாம், ஒரே விஷயத்தைத்தான் இரண்டும் சொல்லுமாம், அதனால் ஒன்றை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பினால் பாதி இடம் போதுமாம். மற்ற மனிதர்களுக்கு அப்படி இருக்கலாம். மசாத்துவின் மேல்பாதியில் பாராட்டு மட்டும் வந்தது: உன் கை மீன் மாதிரி உண்டா, உன் நடை மாதிரி உண்டா. கீழ்பாதியில் புகார் மட்டும் வந்தது. சிம்பிலா மேல்பாதியிலேயே விட்டுவிடலாமா என்று கேட்டார்.

“வெட்டித்தான் ஆகணும்னா அந்தக் கெட்ட பாதியக் குடுங்க,” என்றாள் நியான்ஜுரா. “இந்த இனிப்புப் பேச்சுக்காரன் யாருன்னே எனக்குத் தெரியல.”

கடைசியாக சிம்பிலா, வேறு வழியில்லாமல், பழைய ஏ.எம். முறையைப் போட்டார். அதில் இடி கேட்டது, என்ஜின் கேட்டது, துறையில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பியதுகூடக் கேட்டது. சோதனைக்காக அவர் மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, மெல்லிய ஒரு விசில் சத்தத்தோடு அதே நேரத்தில் மசாத்து பேசுவதும் கேட்டது. ஒன்றை ஒன்று விழுங்கவில்லை. இரண்டு குரலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விமானம் ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், ஒருவர் குரலை ஒருவர் மூடிவிடக் கூடாது என்பதற்காக என்றார் சிம்பிலா. பன்னிரண்டரையில் இந்தப் பேச்சு ஆறுதான் எடுத்துக்கொள்ளும், மிச்சம் இரண்டு ஓரத்திலும் இருக்கும். மசாத்து ஓரமாக ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துவிட்டு, முதுகு கொஞ்சம் இடிக்கிறது, பரவாயில்லை என்று தெரிவித்தார்.

ஆனால் சங்கத்தில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்தில் யாராவது இரைச்சலைக் காசு கொடுத்து வாங்குவார்களா, டிஜிட்டல் இருக்கும்போது தாத்தா காலத்து முறை எதற்கு, செத்தவனோ இருக்கிறவனோ ஓர் ஆளுக்காகத் தீவே காதைப் பொத்திக்கொள்ள வேண்டுமா என்று பேசினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நியான்ஜுரா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது மஃபூரு எழுந்தார். மசாத்து போன நாளிலிருந்து அவர் மைக்கைத் தொட்டதில்லை. ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை.

“அன்னைக்கு அவன் கூப்பிட்டான்,” என்றார். “எனக்குக் கேக்கல. ஏன்னா நான் பேசிக்கிட்டிருந்தேன். மாடு எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். நான் பேசிக்கிட்டிருக்கும்போதும் எனக்குக் கேக்கிற மாதிரி ஒண்ணு வைங்கப்பா. இரைச்சல் இருந்தா இருந்துட்டுப் போகுது.”

பிறகு கைதூக்கச் சொன்னார்கள். எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது சேனல் திறந்த அன்று நியான்ஜுரா தன் வீட்டு மைக்கின் ஒயரைத் தானே பிடுங்கிச் சுருட்டி அலமாரியில் வைத்தாள். மஃபூரு நேரில் வந்து, தினம் கொஞ்ச நேரம் பேசிக்கொள் அம்மா, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. இது உயிருக்குப் போராடுகிறவர்களின் சேனல், இதில் நான் மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவன் முழுகினால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்றாள். இரண்டு குரலும் கேட்குமே என்றார் மஃபூரு. கேட்கும், ஆனால் எனக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்கும் என்றாள் அவள். ரேடியோவை மட்டும் எப்போதும் போட்டுவைத்திருந்தாள். யாரும் ஆபத்தில் இல்லாதபோது அதிலிருந்து லேசான இரைச்சல் வரும். அதற்குள் ஒருவர் மூச்சுவிடுவது கேட்கும். அவ்வளவுதான் அவளுக்கு மிஞ்சியது.

மழைக்காலத்தில் முதல் அழைப்பு வந்தது. மாகெசா என்ற இளைஞன், குவேரு பாறைகளுக்குப் பக்கத்தில். இருகம்பாவில் ரேடியோ இருந்த எல்லா வீட்டிலும் அதைக் கேட்டோம். அவனும் நம் ஊர்ப்பிள்ளைதான். “சிகாமூ” என்றுதான் ஆரம்பித்தான். கரையில் மைக்கிலிருந்தவர் பழக்கதோஷத்தில் “மரஹபா” என்று வாயெடுத்தார். அந்த இரண்டு குரலுக்கும் நடுவே, விசிலோடு, மூன்றாவது குரல் ஒன்று எழுந்தது.

“டேய், காலெல்லாம் அப்புறம் புடிச்சுக்கலாம். எங்க இருக்க? எத்தன பேரு? தண்ணி எதுவரைக்கும் ஏறிருக்கு? அத மட்டும் சொல்லு.”

பையன் சொன்னான். படகு போயிற்று. ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தது. அதன் பிறகு எத்தனையோ அழைப்புகள் வந்துவிட்டன. நடுங்குகிறவனை அதட்டி, உளறுகிறவனை நிறுத்தி, கேட்க வேண்டியதை மட்டும் அவர் கேட்டு வாங்குவார். மூன்றாவது சேனலில் நலம் விசாரிப்பது நின்றுபோயிற்று. வெளியூர்க்காரர்கள் இருகம்பா ஆட்கள் மரியாதை தெரியாதவர்கள் என்று சொல்கிறார்கள். சொல்லட்டும்.

ஒரு வருடத்துக்கும் மேல் ஆன பிறகுதான் மஃபூரு ஒன்றைக் கவனித்தார். எல்லா நேரத்திலும் அழைப்பு வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும் ஒருதடவைகூட வரவில்லை. துறைக்குப் போய் நின்று பார்த்தார். நாலு மணிக்குக் காற்று நின்றது. அதுவரை குதித்துக்கொண்டிருந்த ஏரி, உகாலி என்கிற மக்காச்சோளக் களியைக் கிண்டி ஆறவைத்த தட்டு மாதிரி சமமாக அடங்கிற்று. படகுகளின் கொடிகள் தொங்கின. கொக்குகள்கூட ஒற்றைக் காலில் அசையாமல் நின்றன. கொஞ்ச நேரம் யாருக்காகவோ காத்திருந்ததுபோல இருந்துவிட்டு, ஏரி மறுபடி ஆடத் தொடங்கியது. மறுநாளும் அப்படியே. முவான்ஸாவிலிருந்து காற்றை அளக்கிற கருவியோடு வந்தவர்கள் ஒரு வாரம் தங்கி அளந்துவிட்டு, இந்தப் பகுதியின் இயல்பு என்று சொல்லிவிட்டு, பொரித்த மீன் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மஃபூரு நியான்ஜுராவை நாலு மணிக்குத் துறைக்குக் கூட்டிவந்து காட்டினார். அவள் அடங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்கு ஓடினாள். அந்தக் கனத்த உடம்போடு அவள் ஓடியதைத் துறையே வேடிக்கை பார்த்தது. அலமாரியிலிருந்த ஒயரை எடுத்துச் செருகினாள். பொத்தானை அழுத்தியதும் முதலில் அழுகைதான் வந்தது, அதுவும் ஒலிபரப்பாயிற்று. தீவு முழுக்கக் கேட்டோம்.

“இருக்கியா, புவிரே அப்பா? ஓவர்.”

“எங்க போறது? நீ வருவேன்னுதான் தினம் இந்த ஏரிய அமுக்கிப் புடிச்சிக்கிட்டு இருக்கேன். கை வலிக்குது. சீக்கிரம் பேசு. ஓவர்.”

இப்போது பயணிகள் படகு காலையில் போவதில்லை. சரியாக நாலு மணிக்குக் கிளம்புகிறது. பிள்ளைத்தாய்ச்சிகளும், வயசாளிகளும், தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவர்களும் அதில்தான் போகிறார்கள். அந்த இருவரும் பேசிக்கொண்டிருக்கும்வரை ஏரி அசையாது. சண்டை பிடிக்கிற நாளில் மட்டும் லேசாக ஆடும், பயணிகள் பொறுத்துக்கொள்கிறார்கள். சில நாள் சுமை அதிகமாகிப் படகு அக்கரை சேரத் தாமதமாகும். அப்போது படகோட்டி இரண்டாவது சேனலில் மருந்தகத்தைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லுங்க என்கிறான். நர்ஸம்மா ஆளனுப்பி நியான்ஜுராவிடம் சொல்கிறாள். நியான்ஜுரா பேச்சை வளர்க்கிறாள். அவளுக்கு விஷயம் தீர்ந்துபோய் ஒரு படகும் இதுவரை கவிழ்ந்ததில்லை.